கச்சான் இலையும் மாட்டு வெக்கையும்

சென்ற தவணையில் ஒரு நாள் உயர்தர வகுப்பு மாணவர்க்குப் புறத்திணை கற்பித்துக்கொண்டிருந்தேன். வெட்சியாவது பகைவருடைய ஆநிரையைக் கவர்தல். கரந்தையாவது கவரப்பட்ட நிரையை மீட்டல். பழந்தமிழர் போரை ஆநிரையிலிருந்து தொடங்கியமைக்குக் காரணம் யாது என வினவினேன். "மாடு என்றாலே செல்வம், ஐயா" என்று ஒருவன் விடை கூறினான். நல்ல விடையே. வள்ளுவரும் கல்வி அதிகாரத்தில் மாடு என்னுஞ் சொல்லைச் செல்வம் என்னும் பொருளிலேதான் ஆண்டிருக்கின்றார். இவ்வாறு பாடம் செவ்வனே நடந்துகொண்டிருக்கையில், தம்பலகாமத்திலிருந்து வரும் மாணவனொருவன் எழுந்து, "ஐயா, மாட்டுக்குப் போடுகின்ற தடுப்பூசியைக் கச்சான் செடியிலே விளைவிக்கிறார்களாம். மாடு அந்த இலையைத் தின்றாற் போதுமாம். அப்படியென்றால் அதைத் தடுப்பூசி என்று சொல்லலாமா?" என்று கேட்டான்.

வகுப்புச் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் கேட்டது சொல்லைப் பற்றிய வினாவேயாயினும், அதன் அடியில் இந்தத் துறைமுக மாவட்டத்துப் பட்டிக்காரர் வீடுகளின் பழைய துயரமொன்று கிடக்கின்றது. அதனை அவன் அறியான். அவன் பிறப்பதற்கு நெடுங்காலம் முன்னர் நடந்தது. ஆயினும் வினாவைத் தட்டிக் கழிக்க மனம் வராமையால், மறுநாள் சொல்கின்றேன் என்று கூறி, அன்று தொடங்கிப் பல நாள் இதனையே தேடிப் படிக்கலானேன். அவ்வாறு படித்தவற்றையும் என் மனத்திற் பட்டவற்றையும் ஈண்டு எழுதுகின்றேன். யான் விஞ்ஞானி அல்லேன். விஞ்ஞானங் கற்பிக்கும் நண்பரொருவர் அருகிருந்து ஐயந் தீர்த்தார்.

முதலிற் சொல்லை எடுத்துக்கொள்வோம். நம் பாட்டன்மார் தடுப்பூசி என்று சொல்லவில்லை. அம்மைப்பால் குத்துதல் என்றனர். 1796 ஆம் ஆண்டில் எட்வேட் யென்னர் என்னும் ஆங்கில வைத்தியர், பசுவின் மடியிலே தோன்றும் அம்மைக் கொப்புளத்தின் நீர் மனிதனைக் கொடிய அம்மையினின்றுங் காக்கும் என்று காட்டினார். இலத்தீன் மொழியிலே பசுவுக்கு வாக்கா என்று பெயர். வக்சீன் என்னும் பெயர் அதனடியாகப் பிறந்தது. ஆகவே ஐரோப்பியர் சொல்லிற் பசு இருக்கின்றது. நம்முடைய பழைய சொல்லில் அம்மை இருக்கின்றது. இன்றைய சொல்லிலோ ஊசி மாத்திரமே எஞ்சியிருக்கின்றது. மனிதனைக் காத்த பசுவைக் காக்கும் மருந்துக்கு ஊசியின் பெயரை வைத்தோம். இப்பொழுது அந்த ஊசியும் வேண்டாம் என்கின்றனர். மாணவன் கேட்டதில் நியாயம் இருக்கின்றதல்லவா?

இனிப் பழைய துயரத்துக்கு வருவோம். வெக்கை என்று நம்மவர் வழங்கிய மாட்டு நோய் உலகத்தின் மிகப் பழைய கொள்ளைநோய்களுள் ஒன்று. காய்ச்சல் காணும், கண்ணீர் வடியும், வாயும் நாக்கும் புண்ணாகும், பின்னர் நீர்போலக் கழியும், ஒரு வாரம் இரு வாரத்துள் மாடு விழுந்துவிடும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஆபிரிக்காக் கண்டத்தில் அது புகுந்தபோது மந்தைகளிற் பத்தில் எட்டுக்கு மேல் மாண்டன. எதியோப்பியாவிலே பஞ்சம் தலைவிரித்தாடியது. பிரான்சு தேசத்து இலியோன் நகரில் 1761 இல் உலகின் முதலாவது மிருக வைத்தியக் கல்லூரி எழுந்தமைக்கும் இந்நோயே காரணம். இலங்கையில் இந்நோய் நாற்பதாண்டுகளாக இல்லாதிருந்தது. இளைய பட்டிக்காரர் அதன் பெயரையே மறந்திருந்தனர்.

1987 ஆம் ஆண்டு அது மீண்டும் வந்தது. அவ்வாண்டு யூலை மாதத்தில் இலங்கை இந்திய ஒப்பந்தம் கைச்சாத்திடப்பட்டு இந்திய அமைதிப்படை இங்கு வந்திறங்கியதை யாவரும் அறிவர். படையினரின் உணவுத் தேவைக்காக இந்தியாவிலிருந்து உயிருடன் கொண்டுவரப்பட்ட ஆடுகளோடு வெக்கைக் கிருமியும் வந்தது என்பது கால்நடை வைத்திய நூல்களிற் பதிவாகியுள்ள செய்தி. ஆடு அந்நோயை அதிகம் வெளிக்காட்டாது. தான் விழாமலே சுமந்து வரும். மாட்டிடம் வந்தபின்னரே அது தன் உருவத்தைக் காட்டும். அந்த ஆண்டு வந்த வைரசைப் பின்னர் இங்கிலாந்திலே ஆடுகளுக்கும் செம்மறிகளுக்குஞ் செலுத்தி ஆராய்ந்து 1990 இல் அறிக்கையும் வெளியிட்டனர். வடக்கிலும் கிழக்கிலும் அந்நோய் 1994 வரை தங்கியிருந்தது.

எனக்கு அப்பொழுது வயது பதினேழு. எனது தாய்மாமனுக்கு ஒரு பட்டி இருந்தது. பெரிய பட்டியன்று, நாற்பது உருப்படிக்கு மேல் வராது. மழைக்காலம் பிறந்து வயல் விதைக்கும் வேளையிலே காட்டுக் கரைக்கு ஓட்டிச் செல்வதும், அறுவடை முடிந்தபின் தாள் மேய வயலுக்குக் கொண்டுவருவதும் வழக்கம். ஒரு முறை ஓட்டிச் சென்ற மாடுகள் திரும்பி வரவில்லை. மாமா தனித்து வந்தார்; கையிலே இரண்டு கழுத்துமணி மாத்திரம் இருந்தது. அது வெக்கை என்பதைப் பல ஆண்டுகளின் பின்னரே அறிந்தோம். அன்று எல்லோரும் வைரவருக்கு நேர்ந்த குறையென்றே எண்ணினர். அம்மா மடை வைத்தார். வைத்தியர் வரவில்லை என்று மாமா பின்னாளில் மனங் கசந்து சொல்வார். அவரை நான் குறை கூறமாட்டேன், வைத்தியரையுங் கூறமாட்டேன். வீதிகள் அன்றிருந்த நிலையிலே யார்தான் பனிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு காட்டுக் கரைக்கு வருவது? மருந்து உலகத்திலே இருந்தது. மருந்து வரும் வழி இருக்கவில்லை.

துறைமுகங்களுக்கும் இந்நோய்க்கும் உள்ள உறவு இங்கு மாத்திரம் நேர்ந்ததன்று. 1920 ஆம் ஆண்டில் இந்தியாவிலிருந்து பிரேசிலுக்குக் கப்பலேற்றப்பட்ட திமில் மாடுகள் பெல்சியத்து அன்ற்வேப்புத் துறைமுகத்திலே தங்கிச் சென்றன. அதன் பின்னர் அந்த நாட்டு மாடுகள் வெக்கையால் விழத் தொடங்கின. அச்சமடைந்த நாடுகள் ஒன்றுகூடி 1924 இற் பாரிசு நகரில் உலக விலங்கு நோய் அலுவலகத்தை நிறுவின. பாரிசு ஒப்பந்தத்தை எழுதத் தூண்டியது அன்ற்வேப்பின் நாற்றமெடுத்த கொட்டில் என்பதை நினைக்கும்போது, நம்முடைய கொட்டியாரக் குடாவிலே நிற்கும் கப்பல்களைப் பார்க்கும் பார்வையும் சற்று மாறத்தான் செய்கின்றது.

இனி மாணவன் சொன்ன கச்சானுக்கு வருவோம். (இந்தியத் தமிழர் இதனை நிலக்கடலை என்பர், கச்சான் என்றால் நமக்குக் கடலையும் உண்டு, ஆடி மாதத்து மேல்காற்றும் உண்டு. ஒரே சொல் காற்றுக்கும் கடலைக்கும் வந்த விதம் தனியே ஆராயத்தக்கது. அஃது இக்கட்டுரைக்கு வேண்டுவதன்று.) அவன் கேள்வியுற்ற செய்தி மெய்யே. ஆனாற் புதியதன்று. பெங்களூரிலுள்ள இந்திய விஞ்ஞானக் கழகத்திலே கண்டெல்வால், இலட்சுமி சீதா, ஷைலா ஆகிய ஆய்வாளர்கள் 2003 ஆம் ஆண்டிற் செய்து வெளியிட்டது. வெக்கை வைரசின் மேற்புறத்திலே, மாட்டின் உடற்கலத்தைப் பற்றிக்கொள்வதற்கு அது பயன்படுத்தும் புரதம் ஒன்று உண்டு. அந்தப் புரதத்தை ஆக்குவிக்கும் பரம்பரையலகை மாத்திரம் எடுத்து, மண்ணில் இயல்பாக வாழும் பற்றீரியம் ஒன்றின் துணைகொண்டு கச்சானிற் புகுத்தினர். அந்தப் பற்றீரியம் மரஞ்செடிகளில் தன்னுடைய பரம்பரையலகைச் செலுத்திக் கழலை உண்டாக்கும் இயல்புடையது; மனிதன் அதன் கள்ளத்தனத்தைத் தன் வேலைக்கு வாங்கிக்கொண்டான். அவ்வாறு மாற்றப்பட்ட கச்சானின் இலையை மாடுகளுக்கு உணவாகக் கொடுத்தனர். மாடுகளின் குருதியிலே வெக்கைப் புரதத்துக்கு எதிரான பிறபொருளெதிரி தோன்றியது. அக்குருதி நீர் ஆய்வுக்கூடத்திலே வைரசைச் செயலிழக்கச் செய்தது. இவ்வளவே அந்த ஆய்வு காட்டியது. அதே கழகத்தார் துவரையிலும் இப்புரதத்தை விளைவித்துக் காட்டினர்.

இங்கு ஒன்றைக் கூர்ந்து நோக்கவேண்டும். செடியிலே இருப்பது வைரசு அன்று. வைரசின் ஒரு புரதம். அஃது ஒருபோதும் நோய் உண்டாக்காது. உடலுக்கு எதிரியின் முகத்தை மாத்திரம் காட்டி, ஆளை அனுப்பாமல் விடுவதைப் போன்றது. இதனை அறியாமல், செடிக்குள் கிருமியை வளர்க்கின்றார்கள் என்று பதறுவோர் நம்மிடையே உளர். நான் முதலிற் பதறியவன்தான்.

ஆனால் இந்தக் கதையிலே ஒரு பெரிய விசித்திரம் உண்டு. பெங்களூர்க் கச்சான் முளைத்த காலத்திலே வெக்கை நோய் தன் இறுதி மூச்சை விட்டுக்கொண்டிருந்தது. இந்தியாவிலே கடைசியாக அது காணப்பட்டது 1995 இல், தமிழ்நாட்டிலே. உலகிலே கடைசியாகக் காணப்பட்டது 2001 இல், கெனியாவின் காட்டெருமைகளிடத்தில். 2011 ஆம் ஆண்டில் உலகம் இந்நோயினின்றும் முற்றாக விடுபட்டது என்று அறிவிக்கப்பட்டது. மனிதனுடைய பெரியம்மைக்குப் பின்னர் இவ்வாறு வேரோடு அழிக்கப்பட்ட நோய் இஃதொன்றே. கச்சான் இலை வருமுன்னரே நோயாளி இறந்துவிட்டான் என்று சொல்வதா, நோயே இறந்துவிட்டது என்று மகிழ்வதா? மகிழ்வதே முறை. ஆயினும் எதனால் இறந்தது என்பதைக் கேட்டறிய வேண்டும். அதிலேதான் இன்றைய விவாதத்துக்கு வேண்டிய பாடம் இருக்கின்றது.

கெனியாவில் முகுகா என்னும் ஊரிலிருந்த ஆய்வுகூடத்தில் வோல்ற்றர் பிளௌறைற் என்னும் ஆங்கிலேய மிருக வைத்தியர் 1960 ஐ அண்டிய ஆண்டுகளில் ஒரு தடுப்பூசி ஆக்கினார். கன்றின் சிறுநீரகக் கலங்களில் வைரசைத் திரும்பத் திரும்ப வளர்த்து, அதன் கொடுமை நீங்கும்வரை தணித்தார். ஒரே ஊசி, வாழ்நாள் முழுவதும் நிர்ப்பீடனம், விலையோ மிகக் குறைவு. 1999 இல் அவருக்கு உலக உணவுப் பரிசு வழங்கப்பட்டது. அந்த மருந்துக்கு இருந்த ஒரே குறை வெப்பம். குளிரிலே வைக்காவிடிற் கெட்டுவிடும். அக்குறையை நீக்கியவர் யெப்ரி மரினர் என்னும் அமெரிக்கர். அதே மருந்தை உலர்த்தும் முறையிலே சில திருத்தங்களைச் செய்து, பனிப்பெட்டியின்றி ஒரு மாதமளவுந் தாங்கும்படி செய்தார். எதியோப்பியாவின் அபார் பாலைநிலத்திலும் தெற்குச் சூடானிலும் ஊர் இடையர்களே அதைக் கையிலெடுத்துக்கொண்டு மந்தைகளின் பின்னே நடந்தனர். அங்கும் போர் நடந்துகொண்டிருந்தது. வைத்தியர் போகமுடியாத இடத்துக்கு இடையன் போனான். இந்தச் செய்தியைப் படித்த இரவு எனக்கு மாமாவின் நினைவு வந்தது. அவருடைய கையில் அந்தச் சிறு குப்பி இருந்திருக்குமானால் என்று எண்ணினேன். அந்த மருந்து அப்போது இங்கு இல்லை என்பதும் நினைவுக்கு வந்தது.

எனவே, குளிர்ப்பெட்டி இல்லாத நாட்டுக்குச் செடியே மருந்துக்குப்பி என்று இன்று சிலர் பேசுவதைக் கேட்கும்போது நாம் இரண்டு பக்கமும் பார்க்கவேண்டும். குளிர்ப்பெட்டியின் தொல்லை மெய்யானது. 2022 மார்ச்சு மாத இறுதியில் நம் நாட்டில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் மின்சாரம் நின்றதை யாரும் மறந்திரார். டீசலுக்கு வரிசை, மருந்துக்கு அந்நியச் செலாவணி இல்லை. அந்நாட்களில் வீட்டுப் பாலையே காப்பாற்ற முடியாதிருந்தோம். அதற்கு இரண்டாண்டுகளுக்கு முன்னர்த்தான், இலங்கையில் முன்பு காணப்படாத தோற்கழலை நோய் வடக்கிலே மாடுகளிடத்துத் தோன்றியது. கடிக்கும் ஈயும் கொசுவும் அதைப் பரப்பும்; எல்லைக்கோடு அவற்றுக்குத் தெரியாது. கால்வாய் நோயோ மழைக்காலந்தோறும் எங்காவது ஓரிடத்தில் எழுந்துகொண்டேயிருக்கின்றது. தொண்டை அடைப்பான் எருமைப் பட்டிகளில் ஓரிரவிலே கொல்லும். தயிருக்குப் பெயர்பெற்ற மூதூர், கிண்ணியாப் பகுதியாருக்கு இதனை நான் எடுத்துச் சொல்லவேண்டியதில்லை.

ஆகவே தேவை உண்டு. ஆனால் தேவை இருப்பதனால் எந்த வழியும் சரியாகிவிடாது. மாடு நான்கு அறை வயிறுடைய பிராணி. அதன் முதலறையிலே வாழும் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் தின்ற புரதத்தையெல்லாம் உடைத்துத் தின்றுவிடும். இலையின் கலச்சுவர் ஓரளவு காப்பளிக்கும் என்பது உண்மையே. ஆயினும் எவ்வளவு தப்பிச் செல்லும் என்பது மாட்டுக்கு மாடு வேறுபடும். பட்டியிலே வலிய நாம்பன் முட்டித் தள்ளிக்கொண்டு வயிறு நிறையத் தின்னும். நலிந்த கன்றுக்கு இரண்டு இலையும் கிடைக்காது. காப்பு வேண்டியதோ கன்றுக்கே. ஊசியிலே அளவு உண்டு. மேய்ச்சலிலே அளவு இல்லை. மேலும் குடலானது உணவாக வருவதைப் பகையென்று கொள்ளாமற் பொறுத்துக்கொள்ளும் இயல்புடையது. இல்லையேல் நாம் சோறு தின்னமுடியாது. அளவு பிழைத்தால், எதிர்க்கக் கற்பிக்கப் போய்ப் பொறுக்கக் கற்பித்ததாக முடியலாம்.

இவற்றையெல்லாம் ஆய்வாளர் அறியாதவரல்லர். காலப்போக்கிலே தீர்க்கவுங் கூடும். என்னைப் பெரிதும் அச்சுறுத்தியது வேறொன்று. அமெரிக்காவிலே தெக்சாசு மாநிலத்தைச் சேர்ந்த புரோடிஜீன் என்னுங் கம்பனி, பன்றிக்குட்டிகளின் வயிற்றுப்போக்கு நோய்க்கான தடுப்புப் புரதத்தைச் சோளத்தில் விளைவித்தது. மனிதன் தின்னும் அதே சோளம். 2001 இல் நெப்ராஸ்கா மாநிலத்து வயலொன்றிற் பயிரிட்டு அறுவடை செய்தனர். அடுத்த ஆண்டு அதே வயலிலே சோயா விதைத்தனர். சிந்திக் கிடந்த சோள மணிகள் முளைத்துச் சோயாவுக்கு நடுவே வளர்ந்தன. அவற்றைக் களையாமலே அறுத்தமையால், ஐந்நூறு புசல் சோயா களஞ்சியத்திலிருந்த ஐந்நூறாயிரம் புசலோடு கலந்துவிட்டது. அவ்வளவையும் அழிக்க நேர்ந்தது. அயோவா மாநிலத்தில் அருகிலிருந்த 155 ஏக்கர்ச் சோளம் எரிக்கப்பட்டது. கம்பனிக்கு இரண்டரை லட்சம் டொலர் தண்டம். அழித்த சோயாவின் செலவு வேறு. எவரும் அதைத் தின்று நோயுற்றாரல்லர்; களஞ்சியத்திலேயே தடுத்துவிட்டனர். தடுப்பதற்கு அங்கே பரிசோதகர் இருந்தார், பதிவேடு இருந்தது, களஞ்சியத்துக்குப் பூட்டும் இருந்தது.

இனி நம் வயலை எண்ணிப் பாருங்கள். கச்சான் பிடுங்கிய நிலத்தில் அடுத்த மழைக்குத் தானாக முளைக்கும் கச்சானை அறியாத கமக்காரன் உளனா? சிறுவர் அதைப் பிடுங்கி வாயிற் போடுவர். கோணேசர் திருவிழாவிலே கடலைக்காரி சுருளிலே தருவது எந்த வயலில் விளைந்தது என்று எவருங் கேட்பதில்லை. மாட்டுக்கு இலை, மனிதனுக்கு விதை என்று ஒரே செடியைப் பங்கிட முடியாது. மாற்றப்பட்ட செடியின் இலைக்கும் நம்முடைய செடியின் இலைக்கும் கண்ணுக்குப் புலனாகும் வேறுபாடு இல்லை. கச்சான் பெரும்பாலும் தன்மகரந்தச் சேர்க்கையுடையது, ஆதலின் காற்றிற் பரவாது என்று நண்பர் வாதித்தார். உண்மையே. ஆனால் கச்சானைப் பரப்புவது காற்றன்று, சாக்கும் சந்தையும். விதைக் கச்சானை அயல்வீட்டாருக்கு இரண்டு கொத்துக் கொடுக்கும் நம்முடைய நல்ல வழக்கமே இங்கே தீமையாக முடியும்.

இவ்விடத்தில் என்னுடைய தீர்ப்பை மறைக்காமற் சொல்லிவிடுகின்றேன். மனிதன் உண்ணும் பயிரிலே, திறந்த வயலிலே, மாட்டு மருந்து விளைவிக்கக் கூடாது. கச்சானிலும் கூடாது, துவரையிலும் சோளத்திலுங் கூடாது. பெங்களூர் ஆய்வைக் குறைத்து மதிப்பதன்று இது. அவர்கள் அதை வயலுக்குக் கொண்டுவரவில்லை. இயலும் என்று காட்டியதே அவர்கள் செய்த தொண்டு.

ஆனால் இதனோடு முழுத் துறையையுமே புறந்தள்ளுவோரோடும் எனக்கு உடன்பாடில்லை. ஏனெனின் பழைய வழியிலும் ஆபத்து உண்டு. கால்வாய் நோய்க்குத் தடுப்பூசி ஆக்கவேண்டுமாயின் முதலில் அந்த வைரசையே உயிருடன் பெருந்தொகையாக வளர்க்கவேண்டும், பின்னரே கொல்லுதல். 2007 ஆம் ஆண்டு ஓகத்து மாதத்தில் இங்கிலாந்தின் சறே பகுதியில் அந்நோய் திடீரென்று தோன்றியது. தேடிப் பார்த்தபோது, அந்நோயை ஆராய்வதற்கும் தடுப்பூசி ஆக்குவதற்கும் அமைந்த பேர்பிறைற் வளாகத்தின் பழுதடைந்த கழிவுநீர்க் குழாயிலிருந்தே அது கசிந்திருந்தது. காவலனே கதவைத் திறந்துவிட்ட கதை. செடியில் விளையும் புரதத்தில் இந்த ஆபத்து இல்லை; கசிந்தாலும் அது நோயாகாது. இதனைக் கருதியே, மாட்டிறைச்சி ஏற்றுமதியால் வாழும் ஆர்சந்தீனா நாட்டு ஆய்வாளர் 1999 இலேயே கால்வாய் வைரசின் ஒரு புரதத்தைக் குதிரை மசால் என்னும் தீவனப் பயிரில் விளைவித்து எலிகளிலே காப்பு உண்டாவதைக் காட்டினர்.

இன்னுமொரு நயமுண்டு. இதை அறிந்தபோதுதான் நான் உண்மையாகவே வியந்தேன். ஆட்டுக்கொல்லி நோய் என்பது வெக்கைக்கு உறவான வைரசால் ஆடுகளுக்கு வருவது. வெக்கையை ஒழித்தவர்கள் 2015 இற் கூடி, இதனை 2030 ஆம் ஆண்டுக்குள் ஒழிப்பதென்று முடிவு செய்தனர். 2024 இலே அது கிரேக்கத்திலும் உருமேனியாவிலும் புதிதாகத் தோன்றிவிட்டது. அதற்கு நல்ல தடுப்பூசிகள் ஏற்கெனவே உண்டு. இந்தியர் ஆக்கிய சுங்ரி 96 அவற்றுள் ஒன்று. ஆனால் ஒரு நாட்டிலே நோய் ஒழிந்ததா என்று அறியக் குருதியைச் சோதிக்கும்போது, ஊசி போட்ட ஆடும் நோய் வந்து தப்பிய ஆடும் ஒரே அடையாளத்தையே காட்டும். உயிருள்ள தடுப்பூசியின் குறை இது. புரதம் ஒன்றை மாத்திரம் கொடுத்தால், அந்த ஒன்றுக்கு மாத்திரமே எதிரி தோன்றும். நோய் வந்த ஆட்டிலோ வைரசின் எல்லாப் புரதங்களுக்கும் எதிரி இருக்கும். இரண்டையும் பிரித்தறியலாம். நோய் நிறைந்திருக்கும்போது இந்த வேறுபாடு பெரிதன்று. நோய் ஒழியும் தறுவாயிலே இதுவே எல்லாம். பெங்களூரார் ஆட்டுக்கொல்லியின் புரதத்தையும் முதலில் துவரையிலும் பின்னர்க் கச்சானிலும் விளைவித்து, 2011 இற் செம்மறிகளிற் கண்ட பயனை வெளியிட்டிருக்கின்றனர்.

அப்படியாயின் எந்தச் செடியில், எவ்விடத்தில் விளைவிப்பது? விடையைத் தென் கொரியர் செய்து காட்டியிருக்கின்றனர். பன்றிக் காய்ச்சலுக்கு அவர்கள் செடியில் ஆக்கிய தடுப்பு மருந்துக்கு 2019 இல் அந்நாட்டு அரசு அனுமதி வழங்கியது. செடி எது என்று கேட்பீராயின், புகையிலைக்கு உறவான ஓர் ஆவுத்திரேலியக் காட்டுச் செடி. மனிதனும் தின்னான், மாடும் தின்னாது. கண்ணாடி வீட்டுக்குள், பூட்டிய கதவுக்குப் பின்னால் வளர்க்கின்றனர். இலையை அரைத்துப் புரதத்தைப் பிரித்தெடுக்கின்றனர். இதற்கு முன்னரே, 2006 இல் அமெரிக்க விவசாயத் திணைக்களம், தொட்டியில் வளர்த்த புகையிலைக் கலங்களினின்றும் எடுத்த கோழித் தடுப்பு மருந்துக்கு அனுமதி அளித்திருந்தது. கோழியின் அந்த நோயை ஆங்கிலேயர் தங்கள் ஊரான நியூகாசிலின் பெயராலும், இந்தியர் இமயமலையடிவாரத்து இராணிக்கேத்தின் பெயராலும் அழைப்பர். அம்மருந்து சந்தைக்கு வரவேயில்லை. அனுமதி ஒன்று, வியாபாரம் வேறொன்று. கனடாவிலே இவ்வினச் செடியிலேயே ஆக்கி 2022 இல் அனுமதி பெற்ற கொரோனாத் தடுப்பூசிக்கும் அதுவே கதி. அடுத்த ஆண்டு கம்பனியையே மூடிவிட்டனர்.

புகையிலைக் குலத்துக்கு இவ்வாறு ஒரு நற்கதி வாய்க்கும் என்று யார் நினைத்தார்? யாழ்ப்பாணத்துப் புகையிலை மலையாள நாட்டுக்குக் கப்பலேறிய காலத்திலே அதைப் பாடிய புலவரும் உளர், பழித்த புலவரும் உளர்.

இங்கே நம் நாட்டுச் சட்டத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. பரம்பரையலகு மாற்றிய உணவுக்கு அனுமதியும் அடையாளச் சீட்டும் வேண்டுமென்று 2006 இல் ஒழுங்குவிதி ஆக்கினோம். அது 1980 ஆம் ஆண்டு உணவுச் சட்டத்தின் கீழ் வந்தது. விதைக்கு 2003 ஆம் ஆண்டுச் சட்டம் உண்டு. விலங்கு நோய்க்கு 1992 ஆம் ஆண்டுச் சட்டம் உண்டு. மருந்து விளையும் தீவனம் ஒன்று நாளை கப்பலில் வருமாயின், அஃது உணவா, விதையா, மருந்தா? உணவதிகாரி அதை மாட்டுத் தீவனம் என்பார்; மிருக வைத்தியர் செடி என்பார்; விவசாய அதிகாரி மருந்து என்பார். மூன்று கந்தோருக்கும் நடுவே சாக்கு நிற்கும். மூவரும் ஒரே மேசையில் இருந்து கையொப்பமிடும் ஒழுங்கை இப்பொழுதே எழுதிவைக்கவேண்டும்; கப்பல் குடாவுக்குள் வந்தபின் எழுதத் தொடங்குவதிற் பயனில்லை. 1987 இல் ஆடுகளை எவருஞ் சோதித்து நிறுத்தவில்லை.

இவ்வளவையும் படித்து முடித்த பின்னர், மாணவனைக் கூப்பிட்டு விடை சொன்னேன். அவன் வியந்த கச்சான் இலை ஆய்வுகூடத்தை விட்டு வெளியே வரவில்லை என்றேன். வெளியே வந்த கொரிய மருந்தோ இலையாகக் கொடுக்கப்படுவதன்று. பிரித்தெடுத்துச் சுத்திசெய்து ஊசியால் ஏற்றப்படுவது. ஆகவே, தம்பி, தடுப்பூசி என்ற சொல்லை மாற்றவேண்டியதில்லை. ஊசி திரும்பி வந்துவிட்டது என்றேன்.

அவன் சிறிது நேரம் யோசித்தான். அவர்களுடைய வீட்டிலும் பதினெட்டு மாடு இருக்கின்றதாம். தகப்பனார் இப்பொழுதும் மழைக்கு முன் காட்டுக் கரைக்குத்தான் ஓட்டிச் செல்கின்றாராம்.

"அப்படியென்றால் ஐயா, ஊசி போடுவதற்கு டொக்டர் அங்கே வரத்தானே வேண்டும்?" என்று கேட்டான்.

வரத்தான் வேண்டும் என்றேன். இந்த வருடம் இன்னும் வரவில்லை என்றான்.